நாள்காட்டியாருக்கு இன்னும் நாள் இருந்தது

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்குப் பதினோரு நாள் கழித்துத்தான் நாள்காட்டியார் பிறந்தார். இதைத் தாமதம் என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. மருத்துவத்தில் பதினான்கு நாள் வரை பொறுப்பார்கள் என்றும், தான் மூன்று நாளை மிச்சம் வைத்தே வந்து சேர்ந்ததாகவும் சொல்வார். அந்த மூன்று நாளை அநியாயமாக விட்டுவிட்டோமே என்ற வருத்தம் மட்டும் குரலில் லேசாகத் தெரியும்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. செருப்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் வக்கீலம்மாவின் அலுவலகத்தில் அவர் முப்பத்தோரு வருடமாகக் குமாஸ்தா. வக்கீலம்மா எல்லா வழக்கும் எடுப்பார். ஆனால் அலுவலகத்துக்குச் சோறு போடுவது செக் திரும்பிய வழக்குகள்தான். அந்த வழக்குகளில் சட்டம் பாதி, நாள் எண்ணுவது பாதி. எண்ணும் பாதி நாள்காட்டியாருடையது.

அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு நாள்காட்டி தொங்கும். சட்டைப்பையில் நான்கு பென்சில் இருக்கும். கறுப்பு, செக்கில் போட்டிருக்கும் தேதிக்கு. பின்தேதி போட்ட செக்கை இன்றைக்குக் கையில் வாங்கினாலும் அந்தத் தேதி வரும்வரை அது வெறும் காகிதம். தேதி வந்த நாளிலிருந்து மூன்று மாதம் அதற்கு உயிர். அதற்குள் பணம் கொடுக்க வேண்டிய வங்கிக்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நீலம், பணமில்லை என்று வங்கி சீட்டு எழுதித் திருப்பிய நாளுக்கு. அதிலிருந்து முப்பது நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். சிவப்பு, நோட்டீஸ் எதிராளியின் கைக்குக் கிடைத்த நாளுக்கு. அதிலிருந்து பதினைந்து நாள் அவனுக்கு அவகாசம். அதற்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் அவன் யோக்கியன். கொடுக்காவிட்டால் பதினாறாம் நாள் காலையில் குற்றவாளி. பச்சை, அந்தப் பதினாறாம் நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க.

இந்த நான்கு நிறத்திலும் நாள்காட்டியார் ஒரு நாளைக்கூடத் தவறவிட்டதில்லை. கோர்ட் வராந்தாவில் பெரிய வக்கீல்களே அவரை ஓரமாகக் கூப்பிட்டு, “ஐயா, இதுக்கு எது கடைசி நாள்?” என்று கேட்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்கிச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான்.

அவருக்கு இருந்த ஒரே கொள்கை, எதையும் கடைசி நாளுக்கு முன்னால் செய்வதில்லை என்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்களுக்கு டயர்க்கடைக்காரர் கதை தெரியாது. நாள்காட்டியார் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ரத்தம் சூடாக இருந்த வயதில், ஒரு டயர்க்கடைக்காரருக்காகப் பன்னிரண்டாம் நாளே ஓடிப்போய்ப் புகாரைக் கொடுத்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். “பதினைந்து நாள் இன்னும் முடியவில்லை” என்று ஒரே வாக்கியம் சொன்னார். உட்கார்ந்தார். வழக்கு போயிற்று. டயர்க்கடைக்காரர் மாடியேறி வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், நாள்காட்டியாரின் நாற்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நாள்காட்டியார் நான்கு மாதம் நின்றுகொண்டே வேலை பார்த்தார். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியை அவர் கால் வழியாகக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

அன்று முதல் மின்கட்டணமா, கடைசி நாள். நூலகப் புத்தகமா, கடைசி நாள். வீட்டு வாடகையை மாதக் கடைசி நாளில் கொடுப்பார். அது ஞாயிறாக இருந்தால் திங்களன்று கொடுப்பார். “கெடு முடியற நாள் விடுமுறையா இருந்தா அடுத்த வேலை நாள் செல்லும்” என்று வீட்டுக்காரரிடம் இருபத்தாறு வருடமாக விளக்கிவந்தார். கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்காரர் இருபத்தாறு வருடமாக “சரி சரி, குடுங்க” என்று சொல்லி வந்தார்.

வீடு மூன்றாம் மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரே ஒரு நாற்காலி போட இடமுள்ள பால்கனி. எந்தச் சுவிட்சைத் தட்டினால் எது எரியாது என்பது அவர் மனைவிக்கு இருட்டிலும் தெரியும். பிள்ளைகள் இருவரையும் வளர்த்து அனுப்பியது அந்த வீட்டிலிருந்துதான். ஜனவரி மாதம் வீட்டுக்காரர் படியேறி வந்தார். முட்டிவலிக்காரர் மூன்று மாடி ஏறி வந்ததே விஷயம் பெரிது என்று சொன்னது.

“வீட்டை விக்கப்போறேன். வெளியில கேக்கறாங்க. ஆனா உங்களுக்கு முதல்ல சொல்றதுதான் நியாயம். ஏப்ரல் முப்பதுக்குள்ள மூணு லட்சம் முன்பணம் குடுங்க. மிச்சம் லோன் போட்டுக்கலாம். முப்பது தாண்டினா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன். வருத்தப்படக் கூடாது.”

மூன்று லட்சம் நாள்காட்டியாரிடம் இருந்தது. அதாவது, அவருடைய மூன்று லட்சம் அவர் மச்சானிடம் இருந்தது.

மச்சான், மனைவியின் தம்பி. சோபா செய்பவன். அவன் செய்த சோபாவில் உட்காருவது சுகம். அவனிடமிருந்து பணத்தை எழுப்புவது கஷ்டம். ஸ்பாஞ்சு வியாபாரி, துணி வியாபாரி, மரக்கடை என்று ஊரில் பாதிப் பேரிடம் அவன் கையெழுத்துப் போட்ட பின்தேதிச் செக் இருந்தது. போன ஜூன் மாதம் அத்தானிடமும் மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு ஒரு செக் கொடுத்திருந்தான். தேதி நவம்பர் முப்பது.

அந்தத் தேதியைப் பார்த்தபோது நாள்காட்டியாருக்குக் கண் கலங்கிவிட்டது. நவம்பர் முப்பதிலிருந்து மூன்று மாதம் எண்ணினால் பிப்ரவரி முப்பது. அப்படி ஒரு நாள் உலகத்தில் கிடையாது. விவரம் தெரியாதவர்கள் மார்ச் இரண்டாம் தேதி ஆடி அசைந்து போய்ச் செக் செத்துப்போனதைத் தெரிந்துகொள்வார்கள். பத்து வருடம் முன்பு சாப்பிடும்போது மச்சானிடம் அவரே சொன்ன சங்கதி இது. பையன் மறக்கவில்லை.

“உன் தம்பி கத்துக்கிட்டான்” என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

“பணத்தைத் திருப்பிக் குடுக்கறதையும் கத்துக்குடுத்திருக்கலாம்” என்றார் மனைவி.

வீட்டுக்காரர் வந்துபோன அன்றே மனைவி ஆரம்பித்தார். “நாளைக்கே செக்கைப் பேங்க்ல போடுங்க.”

“பிப்ரவரி இருபத்தெட்டு வரைக்கும் செல்லும்.”

“ஆறின கஞ்சி பழங்கஞ்சிங்க.”

“கஞ்சிக்குக் காலவரம்பு கிடையாது. செக்குக்கு இருக்கு. அதனாலதான் பயப்பட வேண்டியதில்லைன்னு சொல்றேன்.”

பிப்ரவரி இருபத்தேழில் போட்டார். இருபத்தெட்டில் அது மச்சானின் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. மார்ச் இரண்டாம் தேதி, கணக்கில் போதிய பணமில்லை என்ற சீட்டுடன் திரும்பி வந்தது. நாள்காட்டியார் சீட்டை இருமுறை படித்து, தேதி முத்திரை தெளிவாக விழுந்திருப்பதைக் கண்டு திருப்தியடைந்து, நீலப் பென்சிலை எடுத்தார். மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிய சத்தம் கீழ்வீட்டுக்கும் கேட்டது.

அதே வாரம் மச்சான் இவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். ஸ்பாஞ்சு வியாபாரி பாக்கிக்காக அவன் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டதால், பெண்டாட்டி பிள்ளையை மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு பையும் தானே தைத்த ஒரு தலையணையுமாக வந்தான். “ஒரு பத்து நாள், அக்கா” என்றான். அக்கா அவனுக்குப் போர்வை எடுத்துக் கொடுத்தார். தம்பி தம்பிதான், செக் செக்குதான். பகலெல்லாம் பட்டறைக்குப் போவான், இரவு முன்னறைச் சோபாவில் தூங்குவான். அதுவும் அவன் செய்த சோபாதான். நடுவில் ஒரு ஸ்பிரிங் குத்தும். அந்த இடத்தைத் தவிர்த்துப் படுக்க அவனுக்குத்தான் தெரியும்.

மார்ச் முழுக்க நாள்காட்டியார் பொறுத்தார். கடைசி நாளான ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை நோட்டீஸைத் தட்டச்சு செய்து வக்கீலம்மாவின் மேசையில் வைத்தார்.

வக்கீலம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். “எங்கள் கட்சிக்காரர் கீழ்க்கண்ட விலாசத்தில் வசிப்பவர். நீங்களும் மேற்படி விலாசத்தில் வசிப்பவர். என்ன இது?”

“உண்மைதானே மேடம்.”

“உங்க வீட்டுச் சோபால படுத்திருக்கற ஆளுக்கு உங்க வீட்டு விலாசத்துக்கே ரிஜிஸ்டர் தபாலா? நேர்ல கேட்டா என்ன?”

“நேர்ல கேட்டா அது குடும்பச் சண்டை மேடம். தபால்ல கேட்டாத்தான் நோட்டீஸ்.”

வக்கீலம்மா கையெழுத்துப் போட்டார். முப்பத்தோரு வருடத்தில் அவரும் சிலவற்றோடு சமாதானமாகியிருந்தார். கட்டணம் எதுவும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை தபால்காரர் வந்தபோது மச்சான் குளித்துக்கொண்டிருந்தான். அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கினார். உறையில் வக்கீல் பெயரைப் பார்த்ததும் பிரித்தும் விட்டார். ஏமாற்றும் தீய எண்ணத்துடன், வேண்டுமென்றே, நன்கு அறிந்தே என்றெல்லாம் தன் தம்பியைப் பற்றித் தன் புருஷன் தட்டச்சு செய்திருந்ததை நின்றபடியே படித்து முடித்தார். அன்று மாலை நாள்காட்டியார் செருப்பைக் கழற்றும்போதே உறையைக் காட்டினார்.

“முந்தாநாள் இவனுக்குச் சட்டை பத்தலைன்னு உங்க சட்டையை நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க? அதே கையால இதையும் அடிச்சீங்களா?”

“அது வேற, இது வேற. யார் கையெழுத்துப் போட்டு வாங்கினது?”

“நான்தான்.”

“தேதி போட்டியா?”

“போட்டேன்.”

“நல்லவேளை. வயசு வந்த குடும்ப உறுப்பினர் வாங்கினா செல்லும்.” சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஏப்ரல் நாலு. பதினைந்து நாள். ஏப்ரல் பத்தொன்பது.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்தது சட்டப் புத்தகங்களில் இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் நாள்காட்டியார் வீட்டுச் சுவர் நாள்காட்டியில் தாளைக் கிழித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். எதிரே மச்சான்.

“இன்னும் பதினொண்ணு, மாப்ள.”

“சரி அத்தான். அந்த உப்பை இப்படித் தள்ளுங்க.”

உப்பைத் தள்ளுவார். இருவருக்குள்ளும் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. வாத்தியாரும் மாணவனும் மாதிரி இருந்தார்கள். நடுவே, புருஷனுக்கும் தம்பிக்கும் மாறி மாறிப் பரிமாறிக்கொண்டு, வீடு போகப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர்தான்.

“ஏங்க, இவன் பத்தொம்பதாம் தேதி குடுக்கலைன்னா என்ன ஆகும்?”

“இருபதாம் தேதி குற்றம் ஆயிடும். ஒரு மாசத்துக்குள்ள புகார் குடுக்கலாம். மே பத்தொம்பது வாக்குல போனாப் போதும்.”

“அப்புறம்?”

“அப்புறம் நாலஞ்சு வருஷத்துல நல்ல தீர்ப்பு வரும்.”

“வீட்டுக்காரர் ஏப்ரல் முப்பதுன்னு சொல்லியிருக்காரு.”

“அவர் கெடுவுக்குச் சட்டத்துல இடமில்ல” என்றார் நாள்காட்டியார். ஆனால் அன்று அவர் இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை.

பதினெட்டாம் தேதி மாலை மனைவி பால்கனியில் துணி எடுக்கப் போனார். அங்கே ஒற்றை நாற்காலியில் மச்சான் முதுகு காட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு ஓட்டல்காரர் வண்டியோட வர்றார். பதினாறு சோபா. மொத்தமா நாலரை லட்சம் கையில வருது. அதை உனக்கே குடுத்துடறேன்ப்பா, நீ ஸ்டூலை எடு முதல்ல. அத்தானா? அத்தானுக்கு என்ன அவசரம், அவர் முறைப்படி கோர்ட்டுக்குப் போவாரு. நாலு வருஷம் ஆகும். அவருக்கு அது பிடிக்கும்.”

மனைவி துணியை எடுத்து, மடித்து, அவரவர் அடுக்கில் வைத்தார். தம்பியின் துணியையும் வைத்தார்.

மறுநாள் மதியம், தம்பியின் பட்டறையில் பதினாறு சோபாவும் வரிசையாக நின்றன. மெரூன் நிறம், பித்தளை ஆணி. ஓட்டல் மேனேஜர் வண்டியோடு வந்து பணப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். வாசலுக்கு முதலாவதாக இருந்த சோபாவில், பட்டறைக்காரரின் அக்கா உட்கார்ந்திருந்தார். முதல் சோபா நகராமல் இரண்டாவதை எடுக்க வழியில்லை.

“அக்கா, எந்திரி.”

“உக்காந்தா நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்குக் குடுத்த மாதிரி குத்தல.”

“அக்கா, வண்டி நிக்குது.”

“நிக்கட்டும். நான் பிறந்த வருஷத்துலேர்ந்து உனக்காக நின்னிருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் உக்காந்துக்கறேன்.”

“நீ பிறந்தப்ப நான் பிறக்கவே இல்லையே.”

“அப்பவே நின்னேன்னு வெச்சுக்கோ.”

மூட்டை தூக்குபவர்கள் நால்வர் இருந்தார்கள். சோபாவைத் தூக்குவது அவர்கள் தொழில். பெரியம்மா வயதுள்ள ஒருத்தரோடு சேர்த்துத் தூக்குவது தொழிலில் இல்லை. அவர்கள் ஓரமாகப் போய் டீ குடித்தார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணிக்குப் பார்த்தார். மூன்று மணிக்குப் பார்த்தார். நாலு மணிக்கு, மச்சானைப் பார்க்காமல், நேராக அக்காவைப் பார்த்தார்.

“அம்மா, உங்களுக்கு எவ்வளவு?”

“மூணு லட்சம். மிச்சம் அவனுக்கு.”

மேனேஜர் எண்ணிக் கொடுத்தார். அக்கா மறுபடி எண்ணினார். பிறகு எழுந்து, உட்கார்ந்த இடத்தைப் புடவைத் தலைப்பால் தட்டிவிட்டு, “நல்லா செஞ்சிருக்கடா” என்று தம்பியிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. தம்பி தரையைப் பார்த்தான்.

அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் செய்தார். “பணம் வந்துடுச்சு.”

எதிர்முனையில் நாள்காட்டியார் கேட்டார். “மணி என்ன?”

“நாலேகால்.”

“அப்ப பதினஞ்சாம் நாளுக்குள்ள வந்துடுச்சு. உன் தம்பி குத்தவாளி இல்ல.” நாள்காட்டியார் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். நாள்காட்டியில் சிவப்பு வட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டார். பச்சைப் பென்சில் சீவியபடியே பையில் இருந்தது.

அன்று இரவு மச்சான் ஸ்பாஞ்சு வியாபாரியைச் சமாதானம் செய்யப் போய்விட்டான். சாப்பிடும்போது மனைவி, “நாளைக்குக் காலையில கீழ போய் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடலாம்” என்றார்.

“எதுக்கு? இன்னும் நாள் இருக்கு. முப்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை மே தினம். அதனால ரெண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை குடுத்தாலே செல்லும்.”

மனைவி நடுவே ஸ்பிரிங் குத்தும் சோபாவைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். நாள்காட்டியாருக்கு ஏனோ டயர்க்கடைக்காரர் நினைவு வந்தது. காலையில் அவர் குளித்துவிட்டு வரும்போது இஸ்திரி போட்ட சட்டை கதவில் தொங்கியது. பென்சில்கள் பையில் இல்லை.

கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் இருவரையும் பார்த்ததும் திடுக்கிட்டார். “இன்னிக்குத் தேதி இருபதுதானே?” என்று சுவரைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். மனைவி பணத்தை மேசையில் வைத்தார். வீட்டுக்காரர் எண்ணவில்லை. மேசை மேல் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. அதன் அடியில் ஒரு செக் இருந்தது. அதைச் சங்கடத்தோடு உருவினார்.

“வீட்டை வாங்கக் கேக்கற மருந்துக்கடைக்காரர் குடுத்தது. முப்பது தாண்டாம நான் தொடமாட்டேன்னு சொல்லித்தான் வாங்கினேன். அவர்தான், சும்மா வெச்சிருங்கன்னாரு.”

நாள்காட்டியார் கையை நீட்டினார். வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார். நாள்காட்டியாரிடம் செக்கைக் கொடுக்காமல் இருக்க யாராலும் முடியாது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று லட்சம். தேதி, மே இரண்டு, செவ்வாய்க்கிழமை.

“ரெண்டாம் தேதி ஏன் போட்டாரு?”

வீட்டுக்காரர் காது மடலைத் தடவினார். “நான்தான் பேச்சுவாக்குல சொன்னேன். நீங்க எப்பவும் கடைசி நாள். கடைசி நாள் ஞாயிறா இருந்தா திங்கக்கிழமை. அதுவும் லீவுன்னா செவ்வாய். இருபத்தாறு வருஷமா வாடகையில பாக்கறேனே. அவர் கேலண்டரைப் பாத்துட்டு, அப்ப செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு, அவர் வர்றதுக்குள்ள, நான் உங்களோட பேங்க்ல நிப்பேன்னாரு.”

 நாள்காட்டியார் செக்கை இன்னொரு முறை பார்த்தார். முப்பத்தோரு வருடத்தில் அவர் எண்ணிய நாட்களை வேறொருவர் எண்ணியது இதுதான் முதல் தடவை. அதுவும் சரியாக எண்ணியிருந்தார்.

“நல்லா போட்டிருக்காரு” என்றார். “திருப்பிக் குடுக்கறப்ப அவர்கிட்ட சொல்லுங்க. இது ஆகஸ்ட் வரைக்கும்...”

“ஏங்க” என்றார் மனைவி. “ரசீது வாங்கிக்கிட்டு எந்திரிங்க.”

ரசீதில் ஏப்ரல் இருபது என்று வீட்டுக்காரர் எழுதினார். நாள்காட்டியார் அதை நான்காக மடித்து, காலியாக இருந்த சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மிச்சமான பத்து நாளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். சோபாவின் ஸ்பிரிங்கைச் சரிசெய்கிறேன் என்று மச்சான் வந்தபோது பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தார். எப்போது முடியும் என்று கேட்கவில்லை. முப்பதாம் தேதி, ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு, அந்த இஸ்திரிச் சட்டையையே மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கி வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

“என்ன விஷயம்?” என்றார் வீட்டுக்காரர், கதவைப் பாதி திறந்து.

“ஒண்ணுமில்ல” என்றார் நாள்காட்டியார். “இன்னிக்குக் கடைசி நாள். அதான், வந்து நின்னுட்டுப் போலாம்னு.”